பாய்ப் படகின் டீசல் இஞ்சின் ஓடி ஓடி நிற்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி பக்கம் பாய் கட்டிய வள்ளமோ சின்னப் பாய்மரப் படகோ வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உள்ளே பொருத்திய, ஒன்று முதல் மூன்று சிலிண்டர் வரையிலான பழைய பாணி டீசல் இஞ்சினை மனதில் வைத்துத்தான் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. கம்ப்யூட்டர் வைத்த புது காமன் ரெயில் இஞ்சின் என்றால், கீழே ஏர் எடுப்பது (டீசல் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது) பற்றிச் சொல்லியிருப்பதைச் செய்து பார்க்க வேண்டாம். அதன் அழுத்தமே வேறு.

நன்றாக ஸ்டார்ட் ஆகிறது. கொஞ்ச தூரம் போனதும் தானாக நின்றுவிடுகிறது. இஞ்சினைப் பிரிக்க வேண்டுமா?

வேண்டாம். ஸ்பானரை இஞ்சின் பக்கம் கொண்டுபோகாமல் டேங்க் பக்கம் கொண்டுபோங்கள். டீசல் இஞ்சினுக்கு டீசலும் காற்றும் சிலிண்டருக்குள் அழுத்தமும் இருந்தால் போதும், ஓடும். சட்டென்று ஸ்டார்ட் ஆகிறது என்றால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஓடிக்கொண்டிருந்தது நிற்கிறது என்றால், பெரும்பாலும் டீசல் வந்து சேரவில்லை. டேங்க்கில் தொடங்கி, வால்வு, ஓஸ், முதல் ஃபில்டர், டீசலை உறிஞ்சி அனுப்பும் ஃபீட் பம்ப், இரண்டாவது ஃபில்டர், அழுத்தம் கொடுக்கும் இன்ஜெக்ஷன் பம்ப் என்று டீசல் வருகிற வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது, அல்லது காற்று நுழைகிறது. இந்த வழியைப் பார்க்காமல் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிக் கடைக்கு அனுப்புவதும், பம்பைப் பிரிப்பதும் வீண் செலவு. இன்ஜெக்ஷன் பம்ப் அபூர்வமாகத்தான் கெடும். கெட்டாலும் பெரும்பாலும் தண்ணீரும் தூசியும் கலந்த டீசல்தான் அதைக் கெடுத்திருக்கும்.

எப்படி நிற்கிறது என்று கவனிக்கச் சொல்கிறார்களே, அதில் என்ன தெரியும்?

பாதி விடை அதில்தான் இருக்கிறது. நிற்பதற்கு முன் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் அடங்கினால் டீசல் பற்றாக்குறை அல்லது ஏர். மெதுவாக மூச்சு வாங்கிக்கொண்டே கறுப்புப் புகை கக்கி நின்றால் இஞ்சினுக்குப் பாரம் கூடியிருக்கிறது, அல்லது காற்று போதவில்லை. விசிறியில் (தண்ணீருக்கடியில் படகைத் தள்ளும் புரொபல்லரில்) வலைத்துண்டு சுற்றியிருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், புகைக்குழாய் வளைவில் கரி கட்டியிருக்கலாம். வெள்ளைப் புகையோடு திணறினால் டீசலில் தண்ணீரா என்று பாருங்கள். ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல், சாவியைத் திருப்பி அணைத்ததுபோல நின்றால் அது வயர் சமாச்சாரம்.

இன்னொன்று, நின்ற பிறகு என்ன நடக்கிறது என்பது. கால் மணி நேரம் சும்மா விட்டால் தானாகவே மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா? அப்படியானால் உள்ளே காற்று நுழையவில்லை, அடைப்புதான். இஞ்சின் உறிஞ்சும்போது கசடு போய் வாயை மூடுகிறது, நின்றதும் விலகுகிறது. ஏர் எடுத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் எங்கோ காற்று நுழைகிறது.

படகுக்காரர்கள் பலர் செய்யாத வேலை ஒன்று உண்டு: நின்ற நேரம், அப்போது எவ்வளவு வேகத்தில் ஓட்டினோம், டேங்க்கில் எவ்வளவு டீசல் இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது. ஒரு பக்கம் நிரம்புவதற்குள் உங்களுக்கே வழி தெரிந்துவிடும்.

டேங்க் மூடியைத் திறந்தால் "புஸ்" என்று சத்தம் வருகிறது. அதனால் ஏதாவது?

அதனால்தான் நிற்கிறது. டேங்க்கிலிருந்து டீசல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கென்று ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கும், பெரும்பாலும் படகின் பக்கவாட்டில். நம் கரையில் அதில் உப்பு கட்டும். பெயின்ட் அடிக்கும்போது அதையும் சேர்த்து அடித்துவிடுவார்கள். படகைக் கரையேற்றி வைத்திருந்தால் குளவி வந்து மண் வைத்து அடைத்துவிடும். குழாய் வாயில் விரலை வைத்துத் தேய்த்தால் காய்ந்த செம்மண் உதிரும். மெல்லிய கம்பியால் குத்தி, வாயால் ஊதிப் பாருங்கள். மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டு ஓட்டினால் நிற்கவில்லை என்றால் விஷயம் முடிந்தது. ஆனால் மூடியைத் தளர்த்தியே கடலுக்குப் போகாதீர்கள், அலை ஏறினால் உப்புத்தண்ணீர் நேராக டேங்க்குக்குள் போகும்.

அடைப்பு டேங்க் பக்கமா, இஞ்சின் பக்கமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேன் வைத்துப் பாருங்கள். இதைவிடச் சிறந்த சோதனை எனக்குத் தெரியவில்லை. ஐந்து லிட்டர் கேன் ஒன்றில், பங்க்கில் வாங்கிய சுத்தமான டீசலை ஊற்றி, இஞ்சின் உயரத்துக்குச் சற்று மேலே அசையாமல் கட்டுங்கள். டேங்க் ஓஸைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து ஒரு தனி ஓஸை நேராக ஃபீட் பம்பில் மாட்டுங்கள். மிச்ச டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் ஓஸையும் கேனுக்குள்ளேயே விட்டுவிடலாம். ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்து, படகைக் கட்டிப்போட்டபடியே கியர் போட்டு, பாரத்தோடு அரை மணி நேரம் ஓட விடுங்கள். சும்மா ஐடிலில் (பாரமில்லாத குறைந்த வேகத்தில்) ஓடவிட்டுச் சரி என்று சொல்லக் கூடாது. ஐடிலில் டீசல் தேவை கொஞ்சம்தான், பாதி அடைத்த குழாயும் அதற்குப் போதும்.

கேனில் நிற்காமல் ஓடினால் குற்றவாளி டேங்க், வால்வு, முதல் ஃபில்டர், அவற்றுக்கு இடையிலான ஓஸ் ஆகியவற்றில் ஒன்று. கேனிலும் நின்றால் ஃபீட் பம்புக்கு அப்பால் பாருங்கள். அதன்பின் ஓஸை ஒவ்வொரு கட்டமாக முன்னே நகர்த்தினால் இடம் சிக்கிவிடும்.

டேங்க் பக்கம் என்று தெரிந்தால், உள்ளே இறங்கும் உறிஞ்சு குழாயின் நுனியை முதலில் பாருங்கள். பல டேங்க்குகளில் அந்த நுனியில் குருவிக்கூடு அளவுக்குக்கூட இல்லாத சின்ன வலை ஒன்று இருக்கும். எடுத்துப் பார்த்தால் பழுப்பும் கறுப்புமாக வழவழவென்று பூசியிருக்கும். ஃபில்டர் தனியாக இருக்கும்போது அந்த வலை தேவையே இல்லை என்பது என் கருத்து. அடைத்தால் கடலில் வைத்துக் கழற்றவும் முடியாது.

ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகவில்லை. அப்படியிருக்க எப்படி ஏர் பிடிக்கிறது?

டேங்க்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அங்கே மயிரிழை ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். விரிசல் விட்ட குழலில் இளநீர் குடித்துப் பாருங்கள், அதே கதைதான். ஃபீட் பம்பைத் தாண்டிய பிறகு தலைகீழ். அங்கே டீசல் தள்ளப்படுவதால் ஓட்டை இருந்தால் வெளியே ஒழுகும்.

எங்கே தேடுவது? முதலில் ஃபில்டர் வளையம். புது ஃபில்டர் போடும்போது பழைய ரப்பர் வளையம் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் அதன்மேல் புது வளையத்தோடு மாட்டினால் இறுக்கினாற்போல்தான் இருக்கும், ஆனால் காற்று போகும். "ஃபில்டர் மாற்றிய நாளிலிருந்துதான் நிற்கிறது" என்று யாராவது சொன்னால் கழற்றிப் பார்த்து இரண்டு வளையங்களை எண்ணலாம். அடுத்து காப்பர் வாஷர். ஒரு முறை நசுங்கிய வாஷர் இறுகிப்போயிருக்கும். புதிது இல்லை என்றால் அதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும். அப்புறம் ஓஸ் கிளிப், ஃபில்டர் அடியில் உள்ள வடிகால் திருகு. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் ஓஸை டீசலுக்குப் போட்டிருந்தால் தூக்கிப் போடுங்கள். டீசல் பட்டு அது விறைத்து, கிளிப் இடத்தில் பிளந்துவிடும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஃபீட் பம்புக்கு முன்னால் கண்ணாடிபோல் உள்ளே தெரியும் ஓஸ் ஒரு சாண் எடுத்துத் தற்காலிகமாகப் போடுங்கள். ஓடும்போது குமிழி போவது கண்ணுக்கே தெரியும்.

ஏர் எடுப்பது எப்படி? மெக்கானிக் இல்லாமல் செய்யலாமா?

செய்யலாம், செய்யத் தெரிந்திருக்கவும் வேண்டும். கரையில் கட்டியிருக்கும்போதே ஒரு முறை செய்து பழகிவிடுங்கள்.

டேங்க் வால்வு திறந்திருக்கிறதா, டீசல் பாதிக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஃபில்டரின் தலையில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அடியில் துணி வைத்து, அதை ஒன்றிரண்டு சுற்று தளர்த்துங்கள். ஃபீட் பம்பின் கைப்பிடியை மேலும் கீழுமாக அடியுங்கள். முதலில் நுரை வரும், அப்புறம் குமிழியும் டீசலுமாகத் துப்பும், பிறகு டீசல் மட்டும் வரும். வந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்குங்கள். கைப்பிடி பிடிப்பில்லாமல் லொடலொடவென்று ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே பம்பை இயக்கும் கேமின் மேடு அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. இஞ்சினைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டு அடித்தால் பிடிக்கும்.

அடுத்து இன்ஜெக்ஷன் பம்பில் உள்ள திருகிலும் இதையே செய்யுங்கள். பெரும்பாலும் இதோடு ஸ்டார்ட் ஆகிவிடும். ஆகவில்லை என்றால், நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, இஞ்சினைச் சுற்ற விடுங்கள். டீசல் துடித்துத் துடித்து வந்ததும் இறுக்குங்கள்.

இந்தக் கடைசிக் கட்டத்தில் கையை அருகில் கொண்டுபோகக் கூடாது. நாசில் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியதுபோல் சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. அப்படி நடந்தால் மஞ்சள் பூசிக் காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லுங்கள்.

புகைக்குழாயில் கடல்தண்ணீர் கலந்து வெளியே போகும் வகை இஞ்சின் என்றால், நீண்ட நேரம் சுற்றவிடும்போது கடல்தண்ணீர் வால்வை மூடிக்கொள்ளுங்கள். இஞ்சின் ஓடாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பம்ப் அனுப்பும் தண்ணீரைத் தள்ள புகை இருக்காது. சைலன்சர் நிரம்பி, தண்ணீர் சிலிண்டருக்குள் திரும்பிவிடும். நின்று நின்று ஓடிய இஞ்சின் அன்றோடு ஓடாத இஞ்சின் ஆகிவிடும். ஸ்டார்ட் ஆன நொடியே வால்வைத் திறக்க மறக்காதீர்கள்.

படகு இரண்டு மாதம் சும்மா கிடந்தது. அதற்கப்புறம்தான் இந்தத் தொல்லை. ஏன்?

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது முடிந்த வாரத்தில் ஜெட்டிப் பக்கம் போனால் இந்தப் புலம்பல் நிறையக் கேட்கும். பாய்ப் படகை மழைக்காலத்தில் கட்டிப்போட்டாலும் இதே நிலைதான். அரை டேங்க் டீசலோடு விட்டால் மீதி அரை டேங்க்கில் ஈரக்காற்று நிற்கும். இரவில் அது குளிர்ந்து டேங்க் சுவரில் நீர் கோர்க்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் போய் உட்காரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். அந்த வழவழப்புதான் ஃபில்டரை அடைக்கிறது.

டேங்க்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி, இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் மேலே தெளிந்த டீசல், கீழே தண்ணீர், நடுவில் நூல் நூலாகப் பழுப்பாக ஏதாவது மிதந்தால் டேங்க்கைக் கழுவியே ஆக வேண்டும். மருந்து ஊற்றினால் கிருமி சாகும், ஆனால் செத்த கசடும் ஃபில்டருக்குத்தான் வரும். கழுவிய பிறகு மருந்து ஊற்றுவதுதான் முறை. இனிமேல் கட்டிப்போடும்போது டேங்க்கை நிரப்பிக் கட்டுங்கள். டேங்க் துத்தநாகம் பூசிய தகரம் என்றால் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். துத்தநாகம் டீசலோடு சேர்ந்து உருவாகும் கசடும் ஃபில்டரையும் நாசிலையும் அடைக்கும்.

வடகடலில் (பாக் விரிகுடாவில்) நன்றாக ஓடுகிறது. தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) அலை ஏறினால் நிற்கிறது.

கடல் மேல் தப்பில்லை. அமைதியான தண்ணீரில் அடியில் படிந்து கிடக்கும் கசடை மன்னார் வளைகுடா அலை கலக்கிவிடுகிறது, அவ்வளவுதான். பாயும் ஏற்றியிருந்தால் இன்னொரு காரணம் சேரும்: படகு ஒரு பக்கம் சாய்ந்து ஓடும்போது டீசல் சாய்ந்த பக்கம் ஒதுங்கி, உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும். டேங்க் கால் பங்குக்குக் கீழே போகும் முன் நிரப்புங்கள். பாயும் இஞ்சினுமாக ஓட்டும்போது எந்தப் பக்கம் சாய்ந்தால் நிற்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

கியர் போட்டதும் நிற்கிறது. நியூட்ரலில் ஒன்றும் இல்லை.

விசிறியைப் பாருங்கள். அறுந்த நைலான் வலை, கயிறு, பாசி சுற்றியிருக்கும். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பேட்டரியையும் அணைத்த பிறகுதான் தண்ணீரில் இறங்க வேண்டும். விசிறி சுத்தமாக இருந்தால் ஐடில் வேகம் குறைவாக இருக்கிறதா, ஷாப்ட் கையால் சுற்ற வருகிறதா என்று பாருங்கள்.

இஞ்சின் பெட்டி மூடியைத் திறந்துவைத்தால் ஓடுகிறது, மூடினால் திணறுகிறது.

சாரல் படாமலிருக்கத் தார்ப்பாய் போட்டு இறுக்கக் கட்டியிருப்பீர்கள். இஞ்சினுக்கும் மூச்சு வேண்டும். மழை ஏறாத இடமாகப் பார்த்துப் பெட்டியில் வழி வைத்துவிடுங்கள்.

சூடாகி நிற்கிறது என்றால்?

அது வேறு நோய். இஞ்சினைக் குளிர்விக்கும் கடல்தண்ணீர் உள்ளே வரும் வாயில் கடல்தாழை (கடலடிப் புல்), பாலித்தீன் பை, சொறி எனச் சொல்லும் ஜெல்லி மீன் எது வேண்டுமானாலும் மாட்டியிருக்கும். பாக் நீரிணைப் பக்கம் தாழை பிய்ந்து மிதக்கும் காலத்தில் வடிகட்டியைத் தினமும் திறக்க வேண்டும். வடிகட்டி சுத்தம் என்றால் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லரைப் பாருங்கள். இதழ் உடைந்திருந்தால் உடைந்த துண்டையும் தேடி எடுங்கள். அது போய்க் குழாயில் அடைக்கும். சூட்டில் நின்ற இஞ்சினை உடனே மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

சுவிட்ச் போட்டு அணைத்ததுபோல் நிற்கிறது. அரை நிமிடத்தில் ஸ்டார்ட் ஆகிறது.

சில இஞ்சின்களில் மின்சாரம் வரும்வரைதான் டீசலைத் திறந்து வைக்கும் சோலனாய்டு இருக்கும். அதன் வயர் நுனியில் பச்சை பூத்திருந்தால், படகு குலுங்கும்போது மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போகும், இஞ்சின் நின்றுவிடும். நுனியை வெட்டிப் புதிதாகப் பொருத்தி, கிரீஸ் தடவுங்கள். கையால் இழுத்து அணைக்கும் வகை என்றால் அந்தக் கேபிள் முழுக்கத் திரும்பிப் போகிறதா என்று பாருங்கள்.

டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் அடைப்பு போகும் என்கிறார்களே?

போகாது. டீசல்தான் இன்ஜெக்ஷன் பம்புக்கு வழவழப்பும் கொடுக்கிறது. மண்ணெண்ணெயில் அது குறைவு, பம்ப் தேயும். பெட்ரோல் கலக்கும் பேச்சே வேண்டாம்.

பாம்பன் கால்வாய்க்குள் போகும்போது நின்றால் என்ன செய்வது?

முதலில் இஞ்சினை மறந்துவிடுங்கள். கால்வாய் குறுகல், நீவாடு (நீரோட்டம்) பலம், பாறையும் பாலத் தூணும் அருகில். நங்கூரத்தைப் போட்டுவிட்டுத்தான் ஸ்பானரைத் தொட வேண்டும். ஆகவே கால்வாயை நெருங்கும் முன்பே நங்கூரம் அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) தயாராக, கயிறு சிக்கல் இல்லாமல் இருக்கட்டும். பாயையும் உடனே ஏற்றும்படி வைத்திருங்கள். உயரமான பாய்மரம் உள்ள படகு துறைமுக அலுவலகத்தில் அனுமதி வாங்கி, தூக்குப் பாலம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்திலும் அதுதான் நடைமுறை. காத்திருக்கும்போது ஐடிலில் ஓடிய இஞ்சின், வேகம் கொடுத்ததும் நிற்பது வழக்கம். உள்ளே நுழையும் முன் வெளியே பத்து நிமிடம் நல்ல வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

திறந்த கடலில் என்றால் காற்றைப் பாருங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தங்கச்சிமடத்துக்கு வடக்கே நின்றுபோன படகைக் காற்று கரையிலிருந்து தள்ளிக்கொண்டு இலங்கை எல்லைக்கோட்டுப் பக்கம் போகும். வாடையில் (வடகிழக்குக் காற்றில்) அதே இடத்தில் கரைக்குத் தள்ளும். தென்கடலில் இது தலைகீழ். பாக் விரிகுடா ஆழம் குறைவு, நங்கூரம் பிடிக்கும், யோசிக்காமல் போடுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளின் பக்கம் மட்டும் பவளப்பாறை மேல் விழாமல் மணலாகப் பார்த்துப் போடுங்கள். உதவிக்கு விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சேனல், கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

படகில் என்னென்ன உதிரி வைத்துக்கொள்வது?

இரண்டு வகை ஃபில்டரும் இரண்டிரண்டு, வளையத்தோடு. காப்பர் வாஷர் ஒரு பொட்டலம், டீசல் ஓஸ் ஒரு பாகம் (இரு கையையும் விரித்த நீளம்), கிளிப், இம்பெல்லர், ஏர் திருகுக்குப் பொருந்தும் ஸ்பானர். அந்த ஸ்பானரை இஞ்சின் பெட்டியிலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், ஆடும் படகில் கைநழுவினால் பில்ஜுக்குள் (படகின் அடிக்குழிக்குள்) தேட முடியாது. ஃபில்டர் வாங்கும்போது மைக்ரான் எண்ணை (எவ்வளவு சின்னத் தூசிவரை தடுக்கும் என்ற அளவை) பாருங்கள். டேங்க் பக்கம் 10 முதல் 30 வரை, இஞ்சின் பக்கம் இஞ்சின்காரர் சொன்னது. "ரொம்ப நைஸ்" என்று டேங்க் பக்கமே 2 மைக்ரான் போட்டால் நல்ல டீசலிலும் சீக்கிரம் அடைக்கும்.

எல்லாம் பார்த்துவிட்டேன், மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும். அவரிடம் என்ன சொல்வது?

"அண்ணே, இஞ்சின் நிற்குது" என்று மட்டும் சொன்னால் அவர் முதலிலிருந்து தொடங்குவார், கூலியும் அங்கிருந்தே தொடங்கும். கேனில் வைத்து ஓட்டியபோது என்ன ஆனது, புகை என்ன நிறம், ஏர் எடுத்தால் எவ்வளவு நேரம் ஓடுகிறது, கடைசியாக ஃபில்டர் எப்போது மாற்றியது என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய ஃபில்டரையும் அந்த ஊறுகாய் பாட்டிலையும் வீசிவிடாமல் அவர் வரும்வரை வைத்திருங்கள்.